முப்பந்தல் காற்றும் எங்கள் மொட்டை மாடியும்

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. முப்பது வருடம் டிக்கெட் கட்டு பிடித்த கையில் இப்போது செல்போன். அந்த செல்போனுக்கு ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பம். அதைச் சுற்றி, முறுக்குப் பிழிந்ததுபோல வளைந்த மூன்று வெள்ளை இறக்கைகள். நாம் பார்த்துப் பழகிய காற்றாடிபோல நிமிர்ந்து நின்று சுழலவில்லை. தயிர் மத்துபோல நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கீழே வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, ஏசி ஓடுகிறது. "இனி கரன்ட் பில்லே கிடையாது" என்று ஒரு குரல் சத்தியம் செய்கிறது.

"ஏட்டி, நீ பத்திரிகையிலதானே இருக்க. இது நெசமான்னு விசாரிச்சுச் சொல்லு" என்றார் அப்பா.

நான் விசாரிப்பதற்குள் அவர் டீலரிடமே பேசிவிட்டார். 1 கிலோவாட் மிஷின், 1,15,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முன்பணம் 40,000 கட்டினால் மூன்று வாரத்தில் மாட்டித் தருவார்களாம். பணம், அப்பாவின் ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து. அம்மா போனில் சொன்னாள்: "உங்கப்பா திங்கக்கிழமை பேங்குக்குப் போறேங்கார். அதுக்குள்ள வந்து என்னன்னு பாரு."

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டை வந்து இறங்கினேன். கைப்பையில், ஆன்லைனில் வாங்கிய ஒரு குட்டி காற்றுமானி. உள்ளங்கை அளவில் இருக்கும். முன்னால் ஒரு சின்ன விசிறி, பின்னால் ஒரு திரை. காற்று வரும் பக்கம் காட்டினால், நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று சொல்லிவிடும். 2,000 ரூபாய்க்குள்தான்.

அன்று சாயங்காலமே மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் வீட்டுக்குத் தென்மேற்கில் மூன்று மாடிக் கட்டடம், பக்கத்தில் எங்களுடைய தண்ணீர்த் தொட்டி. கொடியில் துணிகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. "பாத்தியா காத்து" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். மானி 2 காட்டியது. 3.1-க்கு ஏறியது. 1.6-க்கு இறங்கியது. காற்று ஒரு திசையிலிருந்தும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி, தொட்டியைச் சுற்றி, எங்கள் காலடியில் குப்பையைச் சுழற்றிவிட்டுப் போனது. அரை மணி நேரம் நின்று குறித்ததில் சராசரி இரண்டரை மீட்டர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் மாடியில் அம்மாவின் கைக்குட்டை மட்டும் பறந்தது.

"இது ஊருக்குள்ள இருக்கிற காத்து. நெசமான காத்தைப் பாக்கணும்னா முப்பந்தலுக்குப் போகணும்" என்றார் அப்பா. அவருக்கு அந்த ரூட் அத்துப்படி. திருநெல்வேலி - நாகர்கோவில் வண்டியில் பல வருடம் ஓடியவர்.

மறுநாள் காலை புதிய பேருந்து நிலையத்தில் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "எண்ட் டு எண்ட்ல ஏறிராத. அது முப்பந்தல்ல நிக்காது." எந்த வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டு, ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்து, டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரிடம் தானும் கண்டக்டர்தான் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நாங்குநேரி, வள்ளியூர் தாண்டியதும் நிலம் மாறுகிறது. சிவந்த மண், பனை மரங்கள், உடை மரங்கள். பணகுடியை நெருங்கும்போது மேற்கே மலை சாலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி வால் இது. அதன் உச்சியில் மேகம் பஞ்சுப் பொதிபோல அப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மழை; இந்தப் பக்கம் வெயில். அதற்குப் பிறகு காற்றாலைகள் ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. காவல்கிணறு தாண்டியதும் எண்ண முடியாமல் போயிற்று.

"இங்க வந்ததும் நான் பையை நெஞ்சோட அணைச்சுக்கிடுவேன்" என்றார் அப்பா. "ஒருதடவை படியில நின்னு சில்லறை கொடுக்கையில நூறு ரூபாய் நோட்டை காத்து புடுங்கிட்டுப் போயிட்டு. டிரைவர் வண்டிய நிப்பாட்டி, பாசஞ்சரெல்லாம் இறங்கித் தேடினாங்க. கெடைக்கல. கலெக்‌ஷன்ல என் கைக்காசுதான் போட்டேன்." லோடு இல்லாத லாரி இந்த இடத்தில் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதை ஓட்டுநர்கள் உணர்வார்களாம். ஸ்டியரிங்கை மேற்கே கொஞ்சம் பிடித்தே வைத்திருப்பார்கள். முப்பது வருடம் அப்பா காற்றை விரோதியாகத்தான் பார்த்திருக்கிறார். இப்போதுதான் அதை வீட்டுக்கு அழைத்து வேலை கொடுக்க நினைக்கிறார்.

முப்பந்தலில் இறங்கினோம். இறங்கிய நொடியில் துப்பட்டா முகத்தில் அறைந்தது. பேசினால் கேட்காது, கத்த வேண்டும். சாலையோரத்தில் இசக்கியம்மன் கோயில். காரோ, லாரியோ, இந்த வழியில் போகிறவர்கள் பலரும் நிறுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மூவேந்தர்களும் பந்தல் போட்டுக் கூடிய இடம் என்பதால் முப்பந்தல் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மூன்று பேரும் இந்தக் காற்றில் பந்தலை எப்படிக் கட்டி நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கோயிலைத் தாண்டி ஒரு டீக்கடை. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் தார்ப்பாய். தார்ப்பாய் மூலைகளில் செங்கல் அல்ல, பாறைகளே கட்டியிருந்தன. அதன் வாசலில் மேற்கு பார்த்து மானியைப் பிடித்தேன். 9.2. 10.4. 11.7. மறுபடி 10. அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு காற்று? அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போலத் தடுக்கிறது. சுவரில் ஓட்டை இருக்கும் இடங்களில் மட்டும் காற்று நெருக்கியடித்து நுழைகிறது. பாலக்காடு ஒன்று, செங்கோட்டை ஒன்று, இந்த ஆரல்வாய்மொழி ஒன்று. ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுவதுபோலத்தான். காற்றுக்கு வழிவிட்ட இந்தக் கணவாய்தான் ஒருகாலத்தில் படைகளுக்கும் வழி. திருவிதாங்கூர் தன் எல்லையைக் காக்க இங்கே கோட்டை அரண் கட்டியிருந்தது. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தின்போது ஆங்கிலேயப் படை அதை உடைத்துக்கொண்டு நுழைந்தது.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் நின்றன. 1990-களில் தனியார் முதலீடு வந்தபிறகு முப்பந்தல் காற்றாலைக் காடானது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் என்று கணக்கு சொல்கிறார்கள். மாநிலம் முழுக்க 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சீசனில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்தே எடுத்த நாட்களும் உண்டு.

டீக்கடையில் எங்கள் எதிரே ஒருவர் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீலச் சட்டை, இடுப்பில் பெல்ட் மாட்டும் கொக்கிகள். பதினைந்து வருடமாகக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறவர். அப்பா பேச்சுக்கொடுத்து, இரண்டே நிமிடத்தில் அவரிடம் வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டிவிட்டார்.

அவர் சிரிக்கவில்லை. முழுசாகப் பார்த்தார்.

"நல்ல மிஷினாக்கும் அண்ணாச்சி. இதுல ஒரு சௌகரியம் இருக்கு" என்றார். வெளியே நின்ற பெரிய காற்றாலையைக் காட்டினார். "இந்தா இருக்குல்லா, இதுக்குக் காத்து வர்ற பக்கமா தலையத் திருப்பணும். திருப்புறதுக்குன்னு மேல தனியா மோட்டார் உண்டு. கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் உச்சியில. கியர்பாக்ஸ் போச்சுன்னா கிரேன் வரணும். கிரேன் வாடகைய நினைச்சா ஓனருக்கு உறக்கம் வராது. உங்க வீடியோவுல உள்ளதுக்கு காத்து எந்தப் பக்கம் வந்தாலும் ஒண்ணுதான். ஜெனரேட்டரக் கீழயே வச்சுக்கலாம். ஏற வேண்டிய வேலையே கிடையாது."

"அப்போ இங்க ஏன் ஒண்ணுகூட அப்படி இல்ல?" என்றேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மூன்று இறக்கை மிஷின்கள்தான். நின்று சுற்றும் வகையில் ஒன்றுகூட இல்லை.

அவர் டீ கிளாஸை மேசையில் வைத்து, உள்ளங்கையால் அதைச் சுற்றிக் காட்டினார். "ஒரு பக்கம் காத்தோட போகுது. மறுபக்கம் காத்தை எதுத்துத் திரும்பி வரணும்லா? சம்பாதிச்சதுல பாதியைத் திரும்பி வர்ற பக்கம் தின்னுபோடும். அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் இறக்கையில ஒரு இழு, ஒரு தள்ளு. கம்பியை மடக்கி மடக்கி நிமித்தினா என்னாகும்? பொட்டுன்னு போகும்."

இந்த விஷயத்தை உலகம் பலமுறை முயன்று பார்த்திருக்கிறது. ஈரானின் கிழக்கே நஷ்டிஃபான் என்ற ஊரில், களிமண்ணும் மரமும் கொண்டு கட்டிய நின்று சுற்றும் காற்றாலைகள் இன்னும் இருக்கின்றன. அந்த நாட்டில் இந்த வகை, ஆயிரம் ஆண்டுப் பழசு. மாவு அரைப்பதற்காகக் கட்டியவை. எதிர்த்து வரும் பக்கம் காற்று படாமல் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள். டீக்கடையில் நாங்கள் கேட்ட பிரச்னைக்கு அவர்கள் அன்றே கண்ட வைத்தியம் அது. ஆனால், காற்று ஒரே திசையிலிருந்து வரும் ஊருக்குத்தான் அந்தச் சுவர் உதவும். 1920-களில் ஃபின்லாந்தின் சவோனியஸ், டிரம்மை நெடுக்குவாக்கில் இரண்டாக வெட்டித் தள்ளி வைத்ததுபோல ஒன்றை வடிவமைத்தார். மெதுவான காற்றிலும் தானாகக் கிளம்பும். ஆனால் வேகம் போதாது. அதே காலத்தில் பிரான்ஸின் டாரியஸ், முட்டை அடிக்கும் கரண்டிபோல வளைந்த மெல்லிய இறக்கைகளைக் கொண்டு ஒன்று செய்தார். அது வேகமாகச் சுற்றும்; ஆனால் பல நேரம் தானாகக் கிளம்பாது, தள்ளிவிட வேண்டும்.

டாரியஸ் வகையில் மிகப் பெரியது கனடாவின் கியூபெக் மாகாணத்தில், காப்-ஷா என்ற ஊரில் நிற்கிறது. பெயர் இயோல். உயரம் 110 மீட்டர். கிட்டத்தட்ட 4 மெகாவாட் திறன். 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கி 1993-ல் நின்றுவிட்டது. அவ்வளவு எடையையும் தாங்கிய அடித்தாங்கி பழுதானதுதான் காரணம். இப்போது அதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டு வருகிறார்கள். கலிஃபோர்னியாவிலும் 1980-களில் இந்த வகையை நூற்றுக்கணக்கில் நட்டார்கள். அவையும் நிலைக்கவில்லை.

டெக்னீஷியன் எழுந்தார். போகும்போது அப்பாவிடம் ஒன்று சொன்னார்: "மிஷினப் பத்திக் கேக்காதீங்க அண்ணாச்சி. காத்தைப் பத்திக் கேளுங்க. காத்து இருந்தா எந்த மிஷினும் சுத்தும்."

டீக்கடை அக்காவிடம் பழைய பேப்பர் ஒன்று வாங்கி, நானும் அப்பாவும் கணக்குப் போட்டோம். டீலர் அனுப்பிய தாளில் மிஷினின் அளவு இருந்தது. 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். அதாவது, காற்றைப் பிடிக்கும் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. முப்பந்தலில் இருந்த 10 மீட்டர் வேகத்தில், அந்த ஒன்றரைச் சதுர மீட்டர் வழியாகப் போகும் காற்றின் மொத்த சக்தி 900 வாட். அதில் தாராளமாக நாலில் ஒரு பங்கை மிஷின் பிடிக்கிறது என்று வைத்தால், 225 வாட்.

"பரவாயில்லையே" என்றார் அப்பா.

"அது இங்கே. நம்ம வீட்டில் இரண்டரை மீட்டர்தானே?"

"நாலுல ஒண்ணு. அப்போ அம்பத்தஞ்சு வாட்டாவது வரும்ல?"

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். வேகம் நாலில் ஒன்றானால், சக்தி நாலில் ஒன்றாவதில்லை. அப்பாவுக்குப் புரியும்படி பஸ் கணக்கில் சொன்னேன். பஸ்கள் இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால், ஒரு நிமிடத்தில் ஸ்டாப்பைக் கடக்கும் பஸ்களின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகும். ஒவ்வொரு பஸ்ஸும் மோதினால் விழும் அடியோ நாலு மடங்கு. ஆகமொத்தம் எட்டு மடங்கு. வேகம் நாலு மடங்கானால் 64 மடங்கு. காற்றும் அப்படித்தான். முப்பந்தலின் 225 வாட்டை 64-ஆல் வகுத்தால், எங்கள் மொட்டை மாடியில் கிடைப்பது மூன்றரை வாட்.

இரவு பகல் நிற்காமல் சுற்றினாலும் மாதத்துக்கு இரண்டரை யூனிட். காற்று அவ்வப்போது வேகமெடுக்கும், அதனால் சராசரியைவிடக் கூடலாம். நாலு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் பத்து யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. இத்தனைக்கும் நாங்கள் அளந்தது ஆடியில். ஐப்பசியில் அந்த இரண்டரை மீட்டரும் இருக்காது.

அப்பா பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடை அக்கா, "மக்களே, டீ ஆறுது" என்றார்.

எனக்கு ஒரு சங்கடம். வீடியோ பொய் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால், மிஷின் பொய் இல்லை. பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தில் 2015-ல் இதே வகையில் இரண்டு மிஷின்கள் மாட்டினார்கள். ஆண்டுக்கு 10,000 யூனிட் கிடைக்கும் என்றார்கள். அவை இருப்பது தரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல். முன்னால் மூன்று மாடிக் கட்டடமும் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் இல்லை. அப்பா தப்பான பொருளுக்கு ஆசைப்படவில்லை. தப்பான மாடிக்கு ஆசைப்பட்டார்.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இன்னொரு கணக்கும் போட்டேன். 1 கிலோவாட் என்று தாளில் இருக்கிறதே, அது எந்த வேகத்தில்? தாளில் அந்த விவரம் இல்லை. ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் என்ற இயற்பியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே ஒன்றை நிரூபித்துவிட்டார். எப்பேர்ப்பட்ட காற்றாலையாக இருந்தாலும், தன் வழியாகப் போகும் காற்றின் சக்தியில் 59.3 சதவிகிதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முழுசையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. (கூட்டமான பஸ்ஸில் ஏறியவர்கள் படியிலேயே நின்றுவிட்டால் மற்றவர்கள் ஏற முடியாது என்று அப்பா இதை எனக்கு விளக்கினார்.) காற்றாலைக்காரர்கள் பெரும்பாலும் 12 மீட்டர் பக்கத்து வேகத்தில்தான் திறன் குறிப்பிடுவார்கள். அந்த வேகத்தில் ஒன்றரைச் சதுர மீட்டரில் வரும் காற்றின் மொத்த சக்தி 1,555 வாட். அதில் 59.3 சதவிகிதம், 922 வாட். உலகத்தின் மிகச் சிறந்த மிஷினாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு வாட் தராது.

அப்பா அந்த எண்ணை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். 922. டிக்கெட் நம்பரைக் குறிக்கிற அதே வேகத்தில்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டீலரே கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"தம்பி, இந்த 1 கிலோவாட்டு எந்தக் காத்துல வரும்?"

"நல்ல காத்துல வரும் சார்."

"நல்ல காத்துன்னா எத்தனை மீட்டர்?"

கொஞ்சம் இடைவெளி. "12 மீட்டர்ல வரும் சார்."

"12 மீட்டர்ல உலகத்துல எந்த மிஷினும் இந்த சைசுக்கு 922 வாட்டுக்கு மேல தராதுன்னு சொல்றாங்களே."

"அது... எங்களோடது புது டெக்னாலஜி சார்."

"சரி தம்பி, அதை விடுங்க. 12 மீட்டர் காத்து எங்க வீட்டுக்கு வராது. அது முப்பந்தல் ஸ்டாப்லயே இறங்கிடுது" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

காற்றுமானியை நான் சென்னைக்குத் திரும்ப எடுத்து வரவில்லை. தினமும் சாயங்காலம் மாடியில் அளந்து, பழைய டிரிப் ஷீட் மாதிரி கோடு போட்டு எழுதி வைக்கிறார் என்று அம்மா சொன்னாள். போன வாரம் சோலார் பேனல் மானியம் பற்றிக் கேட்டார். 2 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது என்று சொன்னேன். "வெயில் எங்க மாடியில இறங்குதான்னு முதல்ல பாக்கேன்" என்றார். இப்போது பக்கத்து வீட்டு நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று மாடித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறாராம்.

முப்பந்தல் போக நினைக்கிறவர்களுக்கு: மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்று சீசன். நாகர்கோவிலிலிருந்து போனால் தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டி வரும். காலையில் போகிறவர்கள் தோவாளைப் பூச்சந்தையையும் பார்த்துவிடலாம். காற்றாலை வளாகங்களுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. சாலையில் நின்று பார்த்தாலே போதும். தொப்பி வேண்டாம். சில்லறையை மூடிய பையில் வையுங்கள். எண்ட் டு எண்ட் பஸ்ஸில் ஏறாதீர்கள்.